ஜில்லக்காவுக்கு வாசம் போனது

அந்த ஓட்டலில் அவளை யாரும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. மேனேஜரிலிருந்து வாசல் காவலர் வரைக்கும் எல்லோருக்கும் அவள் ஜில்லக்காதான். தோட்டத்தைப் பார்த்த மாதிரி இருக்கும் பார் கவுண்டரில் நின்றுகொண்டு, கண்ணாடிக் கிளாஸை விரல் நுனியால் தொட்டுப் பார்ப்பாள். "இன்னும் ஜில்லுனு ஆகலையே" என்று முணுமுணுத்து, மறுபடியும் குளிர்ப்பெட்டிக்குள் வைத்துவிடுவாள். கேட்டவர் எப்பேர்ப்பட்ட ஆளாக இருந்தாலும் காத்திருக்கத்தான் வேண்டும். அதிலிருந்து ஒட்டிக்கொண்ட பேர் அது.

அவள் கலக்கிக் கொடுத்தது பெரும்பாலும் ஒரே சங்கதிதான். வெள்ளை வைன் பாதி, சோடா பாதி. வைன் வேண்டாதவர்களுக்குத் திராட்சைச் சாறு, ஆப்பிள் சாறு, அதிலும் சோடா. மெனு அட்டையில் அதற்கெல்லாம் வாயில் நுழையாத பேர்கள் இருந்தன. ஜில்லக்காவுக்கு எல்லாமே "சோடா வைன்", "சோடா சாறு". இதில் என்ன பிரமாதம் என்று தோன்றும். ஆனால் வைனோ கிளாஸோ கொஞ்சம் வெதுவெதுப்பாக இருந்தால் போதும், சோடா விழுந்த உடனே காற்றெல்லாம் புஸ்ஸென்று பொங்கி ஓடிவிடும். குடிப்பவருக்கு மிஞ்சுவது தண்ணீர் விட்ட வைன்தான். அதனால் மூன்றையும் ஒரே குளிரில் வைத்திருப்பாள். கிளாஸைச் சாய்த்து, ஓரமாக வழியவிட்டு, நீளக் கரண்டியால் அடியிலிருந்து ஒரே ஒரு தடவை தூக்கிவிடுவாள். "ரொம்பக் கிண்டினா செத்துரும்" என்பாள்.

அவள் அந்த ஓட்டலுக்கு வந்தது கிளாஸ் கழுவத்தான். கழுவிய கிளாஸ்களை மூக்கருகே கொண்டுபோய், சோப்பு வாசம் மிச்சமிருப்பதைத் தனியே ஒதுக்கி வைப்பாள். அதைப் பார்த்துத்தான் அவளைக் கவுண்டருக்கு மாற்றினார்கள். அப்போது மகள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாள். கணவர் வீடுகளுக்குத் தரை ஓடு பதிக்கும் வேலை. அதிகம் பேசாத மனிதர். பேசினால் அதில் ஒரு குத்தல் இருக்கும். "ஊருக்கே ஊத்திக் கொடுக்கிறவ, எனக்கு மட்டும் பச்சைத் தண்ணி" என்பார். அவளும் ஒரு முழுக் கிளாஸ் குடித்ததில்லை. உறிஞ்சுகுழலின் நுனியில் ஒரு சொட்டு எடுத்து நாக்கில் வைத்துப் பார்ப்பாள், அவ்வளவுதான். மற்றதையெல்லாம் மூக்கு பார்த்துக்கொள்ளும்.

மூக்கு என்றால் சாதாரண மூக்கு இல்லை. சாயங்காலம் கணவர் கதவைத் திறந்து காலை வைக்கும்போதே, அன்றைக்குச் சிமெண்டா பசையா, பழைய வீடா புது வீடா என்று சொல்லிவிடுவாள்.

மகள் கல்யாணமாகிப் போன இடத்தில், "அம்மா ஓட்டல்ல ஜூஸ் செக்‌ஷன்ல இருக்காங்க" என்று சொல்லி வைத்திருந்தாள். அது எப்படியோ ஜில்லக்கா காதுக்கு வந்தது. "பாதி உண்மைதானே, விடுங்க" என்றாள் கணவரிடம். ஆனால் அன்றைக்கு அவள் சரியாகச் சாப்பிடவில்லை.

ஒரு மழைக்காலத்தில் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. வீதியில் பாதிப் பேருக்கு வந்த காய்ச்சல்தான். படுத்தாள், எழுந்தாள். எழுந்த அன்று காலை கணவர் காபி போட்டுக்கொண்டு வந்து கொடுத்தார்.

"என்னங்க, மட்டமான தூளா வாங்கிட்டு வந்தீங்க?"

"அதே கடை, அதே தூள்தான்."

அவள் எழுந்துபோய்த் தூள் டப்பாவைத் திறந்தாள். காலி டப்பாவுக்குள் மூக்கை விட்ட மாதிரி இருந்தது. குளியலறைக்குப் போய்ச் சோப்பை எடுத்தாள். ஒன்றுமில்லை. எலுமிச்சம்பழத்தோலை மூக்கடியில் வைத்துப் பிழிந்தாள். சாறு தெறித்துக் கண் எரிந்தது, வாசம் வரவில்லை. கடைசியில் கொடியில் தொங்கிய கணவரின் வேலைச் சட்டையை எடுத்து முகத்தில் அழுத்திக்கொண்டாள். துணி தெரிந்தது. துணிக்குள் இருந்த ஆள் தெரியவில்லை. அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள்.

டாக்டர் விளக்கை அடித்து மூக்குக்குள் பார்த்தார். காய்ச்சலுக்குப் பிறகு சிலருக்கு இப்படி ஆவதுண்டு, நரம்பு சம்பந்தப்பட்டது, திரும்பி வரலாம், வராமலும் போகலாம் என்றார். மருந்து என்று எதுவும் எழுதவில்லை. தினமும் நாலைந்து வாசனைப் பொருள்களை முகர்ந்து பழகச் சொன்னார்.

"கொஞ்ச நாள் வேலைக்குப் போகாம இரேன்" என்றார் கணவர், திரும்பி வரும் வழியில்.

"கை இருக்கில்ல, கண்ணு இருக்கில்ல?"

"மேனேஜர்கிட்டயாவது சொல்லிரு."

அவள் நடையை எட்டிப் போட்டாள்.

வேலைக்குப் போனாள். யாருக்கும் சொல்லவில்லை. கைக்குப் பழகிய வேலை, தடுமாற்றமில்லாமல் நடந்தது. நாக்கில் வைத்துப் பார்த்தால் புளிப்பும் இனிப்பும் குளிரும் குத்தலும் தெரியத்தான் செய்தன. முன்பு அதற்கு மேலே ஒரு உலகமே இருக்கும். வெட்டிய புல், பழுத்த பேரிக்காய், மழை விழுந்த கல் என்று ஒவ்வொரு பாட்டிலுக்குள்ளும் ஒன்று உட்கார்ந்திருக்கும். இப்போது எல்லாப் பாட்டிலும் ஒரே பாட்டில். ஆனாலும் வாங்கியவர்கள் குடித்தார்கள், நன்றி சொன்னார்கள், போனார்கள். நாளாக ஆக, இப்படியே ஓட்டிவிடலாம் என்று அவளும் நம்ப ஆரம்பித்தாள்.

அந்த ஓட்டலுக்கு ஒரு வயதான தம்பதி வழக்கமாக வருவார்கள். அவர் ஓய்வுபெற்ற சர்வேயர். மரத்தடி மேசையில் உட்கார்ந்து ஆளுக்கு ஒரு சோடா வைன், அதற்கு மேல் கிடையாது. அவர் தோட்டத்தின் வேலியைக் கண்ணாலேயே அளந்து, அது கோணலாக இருப்பதாக ஒவ்வொரு தடவையும் சொல்வார். அவர் மனைவி ஒவ்வொரு தடவையும் முதல் தடவை கேட்பது மாதிரி வேலியைத் திரும்பிப் பார்ப்பார்.

சர்வேயர் இறந்துபோனார். சில வாரம் கழித்து அந்த அம்மா வந்து, உறவுக்காரர்களுக்கும் பழகியவர்களுக்கும் அந்தத் தோட்டத்திலேயே ஒரு மதியச் சாப்பாடு ஏற்பாடு செய்யச் சொன்னார். ஜில்லக்காவிடம் தனியாக வந்து, "அவரு குடிச்சதையே எல்லாருக்கும் கலந்து கொடும்மா. அவரைப் பத்திப் பேசறதுக்கு முன்னால எல்லாரும் அதைக் குடிக்கணும்" என்றார்.

அன்று ஜில்லக்கா வழக்கத்தைவிட முன்னதாகவே வந்து கிளாஸ்களைக் குளிரில் வைத்தாள். பாட்டில்களைத் திறந்தாள். கார்க்கை மூக்கருகே கொண்டுபோனாள், பழக்கதோஷம். நாக்கில் வைத்துப் பார்த்தாள். புளிப்பு சரி, குளிர் சரி. கலந்து கலந்து வரிசையாக வைக்க, பரிமாறுகிற நெட்டையர் தட்டில் வைத்துக் கொண்டுபோனார். ஆள் உயரம் காரணமாக அவருக்கு அந்தப் பேர். ஓட்டலில் அவளுக்கு முன்பிருந்தே இருப்பவர், அப்படியும் அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவார்.

எல்லோரும் கிளாஸைத் தூக்கினார்கள். குடித்தார்கள். ஒருவர் பின் ஒருவராகப் பேசினார்கள். சர்வேயரின் மனைவி மட்டும் ஒரு வாய் குடித்துவிட்டு, கிளாஸை மெதுவாகக் கீழே வைத்துவிட்டு, அதையே பார்த்துக்கொண்டிருந்தார். கவுண்டரிலிருந்து ஜில்லக்கா அதைக் கவனித்தாள். பேச்செல்லாம் முடிந்து சாப்பாடு வர ஆரம்பித்ததும் கிட்டே போனாள்.

"என்னம்மா, குடிக்கவே இல்லையே. குளிர் போயிருச்சா? மாத்தித் தரட்டுமா?"

"வேண்டாம்மா. உன் மேல ஒண்ணும் குத்தமில்ல." அந்த அம்மா மேசை விரிப்பை விரலால் நீவிவிட்டார். "அவரு போனதுல இருந்து எனக்கு எதுவுமே சரியாத் தெரியல. இதுல கூட, பூட்டிக் கெடந்த ரூமோட வாசம் வருது. நனைஞ்ச அட்டை மாதிரி. காலையில அவரு அலமாரியைத் திறந்தேன். அந்த வாசம் மூக்குலயே தங்கிருச்சு போல. இனிமே எனக்கு எல்லாமே இப்படித்தான் இருக்கும்னு நினைக்கிறேன்."

ஜில்லக்கா அந்தக் கிளாஸைப் பார்த்தாள். நனைந்த அட்டை. கார்க் கெட்டுப்போன பாட்டிலுக்கு அப்படியே அந்த வாசம்தான் அடிக்கும். எப்போதாவது ஒன்று அப்படி வரும். திறந்த கையோடு மூக்கு கண்டுபிடித்துவிடும், எடுத்து ஓரமாக வைத்துவிடுவாள். நாக்குக்கு அது பிடிபடாது.

கிளாஸை எடுத்துக்கொண்டு கவுண்டருக்குப் பின்னால் போய் நெட்டையரிடம் நீட்டினாள். "இதைக் கொஞ்சம் மோந்து பாருங்க."

அவர் குனிந்து முகர்ந்தார். முகம் கோணியது. "ஐயே! அக்கா, இதையா குடுத்தோம்?"

"வேற மேசைக்கெல்லாம்?"

நெட்டையர் ஒவ்வொரு பாட்டிலாக முகர்ந்து பார்த்தார். கெட்டது ஒன்றுதான். அது போயிருந்தது அந்த அம்மாவின் மேசைக்கு மட்டும். அங்கே மற்றவர்களும் ஒரு வாய் குடித்துவிட்டு, இந்த நேரத்தில் போய் இதைச் சொல்வதா என்று கம்மென்று வைத்துவிட்டிருந்தார்கள்.

ஜில்லக்கா ஐஸ் பெட்டிக்குள் கையை விட்டபடி நின்றாள். யாரும் புகார் சொல்லவில்லை. குடித்தவரே தன் மேல் பழியைப் போட்டுக்கொண்டுவிட்டார். வாயை மூடிக்கொண்டிருந்தால் அதோடு முடிந்தது. அவள் வேலைக்கும் பங்கமில்லை. ஆனால் அந்த அம்மா வீட்டுக்குப் போய், இருக்கிற காலம் முழுக்கத் தன் நாக்கும் மூக்கும் புருஷனோடு போய்விட்டதாக நினைத்துக்கொண்டிருப்பார். வாசம் இல்லாமல் கிடப்பது என்னவென்று ஜில்லக்காவுக்குத் தெரியும். இல்லாத ஒரு ஊனத்தை ஒருத்தி தலையில் தூக்கி வைத்து அனுப்ப அவளுக்கு மனசு வரவில்லை. விரல்கள் மரத்துப்போன பிறகுதான் கையை வெளியே எடுத்தாள்.

"நல்ல பாட்டிலாப் பார்த்து எடுங்க. நீங்களே மோந்து பார்த்துட்டுக் குடுங்க" என்றாள் நெட்டையரிடம். புதிதாகக் கலந்து, கொண்டுபோய் அந்த அம்மா முன்னால் வைத்துவிட்டு, நாற்காலிப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள்.

"அம்மா, உங்க மூக்குல ஒரு கோளாறும் இல்ல. வைன்தான் கெட்டுப்போச்சு. எனக்குத்தான் தெரியாமப் போச்சு. காய்ச்சல் வந்து, எனக்கு வாசமே போயிருச்சும்மா. யாருக்கும் சொல்லாம வேலை பார்த்துட்டு இருக்கேன்."

அந்த அம்மா அவளையே பார்த்தார். பிறகு கிளாஸை எடுத்து முகர்ந்தார். ஒரு வாய் குடித்தார். அதுவரை அன்று ஒரு பொட்டுக் கண்ணீர் விடாதவர், கிளாஸை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அழுதார். உறவுக்காரர்கள் எழுந்து வந்தார்கள். அவர் கையசைத்து அவர்களை உட்காரச் சொன்னார்.

"இது அதேதான்" என்றார். "அப்படியே அதேதான்."

கொஞ்ச நேரம் கழித்து ஜில்லக்காவின் மணிக்கட்டைப் பிடித்தார். "உனக்கு இது எப்படி இருக்கும், குடிச்சா?"

"ஜில்லுனு இருக்கும். குத்தும். கொஞ்சம் புளிக்கும். அவ்வளவுதாம்மா."

"அடப் பாவமே" என்றார் அந்த அம்மா. அன்றைக்கு எல்லோரும் அவரிடம் சொல்லிக்கொண்டிருந்த வார்த்தை அது.

மேனேஜரிடமும் அவளே போய்ச் சொன்னாள்.

"ஏன் முன்னாடியே சொல்லல?"

"சொல்லியிருந்தா வெச்சிருப்பீங்களா சார்?"

அவர் கெட்டவர் இல்லை. வேலையை விட்டு அனுப்பவில்லை. மறுநாளிலிருந்து அவளைத் துணி அறைக்கு மாற்றினார்.

துணி அறை ஓட்டலுக்குப் பின்புறம், ஜன்னல் இல்லாத இடம். இயந்திரத்திலிருந்து வரும் மேசை விரிப்புகளை நான்காக மடித்து அடுக்க வேண்டும். கூட வேலை செய்த பெண்கள், துவைத்த துணியின் வாசம் ஒன்றுக்காகவே இந்த அறையில் இருக்கலாம் என்பார்கள். ஜில்லக்காவுக்கு அது வெறும் சூடான துணி. யாரோடும் அதிகம் பேசாமல் மடித்தாள்.

வீட்டிலும் நிலைமை அப்படித்தான். ஒரு நாள் அடுப்பில் பால் பொங்கி வழிந்து, பாத்திரம் கருகி, அறை முழுக்கப் புகை. அவள் அடுப்புக்கு முதுகைக் காட்டி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். வெளியிலிருந்து கணவர் ஓடி வந்து அடுப்பை அணைத்தார். திட்டவில்லை. ஜன்னலைத் திறந்துவிட்டு, வாசற்படியில் போய் உட்கார்ந்துகொண்டார். அவள் கருகிய பாத்திரத்தைத் தேய்க்க ஆரம்பித்தாள். அவர் திட்டியிருந்தால் தேவலை போலிருந்தது.

சாப்பாடு கடமையாகிப்போனது. காகிதத்தை மெல்வது போல மெல்லுவாள், விழுங்குவாள். வாய்க்கு வேறொன்றும் தெரியாததால் உப்பை மேலும் மேலும் போடுவாள். கணவர் மூச்சுவிடாமல் சாப்பிட்டுவிட்டு, சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடிப்பார். அவளோ இளைத்துக்கொண்டே போனாள். ரவிக்கையெல்லாம் தொளதொளவென்று ஆகிவிட்டது.

வெயில் காலம் தொடங்கியது. ஒரு மத்தியானம் கணவர் வேலையிலிருந்து சீக்கிரமாக வந்தார், கையில் குளிர்ந்த சோடா பாட்டிலோடு. பாதியைக் குடித்துவிட்டு மேசையில் வைத்தார். அவள் ஏதோ தாகத்துக்கு எடுத்து வாயில் விட்டுக்கொண்டாள்.

வாய்க்குள் யாரோ விளக்குப் போட்ட மாதிரி இருந்தது. நாக்கு முழுக்கச் சுரீர் சுரீரென்று குத்தி, மேல் அண்ணத்தில் வெடித்து, தொண்டையைக் கடித்துக்கொண்டே இறங்கியது. எத்தனையோ மாதமாகச் செத்துக்கிடந்த வாய். இன்னொரு வாய் குடித்தாள். அவளாக ஆசைப்பட்டு இரண்டாம் வாய் எடுத்தது, காய்ச்சலுக்குப் பிறகு அதுதான் முதல் தடவை.

"என்ன?" என்றார் கணவர்.

"ஒண்ணுமில்ல. ஐஸ் இருக்கான்னு பாருங்க."

அன்றிலிருந்து வீட்டில் கலக்க ஆரம்பித்தாள், தனக்காக. திராட்சைச் சாறு கொஞ்சம், அதில் இஞ்சியைத் தட்டிப் பிழிந்து, மேலே சோடா. இஞ்சி காந்தியது. புதினாவைக் கசக்கிப் போட்டால் அதன் வாசம் வரவில்லை, ஆனால் அதன் குளிர்ச்சி மட்டும் வந்தது. மூக்கைக் கேட்காமல் நேராக வாய்க்கு வருகிறவை எவையெவை என்று ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்தாள். பழைய சுகம் இல்லை. அதை அவள் யாரிடமும் மறைக்கவுமில்லை. "கண்ணு போனவன் கையால தடவிப் பார்க்கிற மாதிரிதான்" என்றாள் கணவரிடம். ஆனால் அதன் பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பாடு இறங்கியது.

அந்தச் சமயத்தில்தான் மகள் வயிற்றுப் பிள்ளையோடு வீட்டுக்கு வந்தாள். வந்தவள் வாசலிலேயே வாந்தி எடுத்தாள். சோப்பு வாசம் ஆகவில்லை, அப்பாவின் சட்டை ஆகவில்லை, சுவருக்குக்கூட ஏதோ வாசம் இருக்கிறதாம். "அம்மா, அந்த வெங்காயத்தை வெளிய தூக்கிப் போடேன்!" என்று உள்ளறையிலிருந்து கத்துவாள். வெங்காயம் சமையலறை அலமாரிக்குள் மூடி போட்ட கூடையில் இருக்கும். தண்ணீர்கூட நிற்கவில்லை. கண்ணெல்லாம் குழி விழுந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் இரண்டு தடவை குளுக்கோஸ் ஏற்றினார்கள். வாயால் கொஞ்சம் கொஞ்சமாகவாவது நீர் இறங்கினால்தான் நல்லது என்று அனுப்பினார்கள்.

ஜில்லக்கா கிளாஸைக் குளிரில் வைத்தாள். ஆப்பிள் சாறு ஒரு விரல்கடை, எலுமிச்சைச் சாறு சில சொட்டு, மேலே பனியாகக் குளிர்ந்த சோடா. நன்றாகக் குளிர்ந்த பொருளில் வாசம் அடங்கியிருக்கும் என்பது கவுண்டரில் நின்ற காலத்திலேயே தெரிந்ததுதான். உறிஞ்சுகுழலைப் போட்டு மகளின் உதட்டருகே கொண்டுபோனாள்.

"வாசம் வருதா?"

மகள் பயந்து பயந்து மூக்கைச் சுருக்கினாள். "இல்ல."

"ஒரே ஒரு வாய்."

குடித்தாள். வாந்தி வருமோ என்று கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தாள். வரவில்லை. இன்னொரு வாய் குடித்தாள். ஜில்லக்கா மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். கிளாஸில் பாதி இறங்கிய பிறகு மகள் தலையணையில் சாய்ந்தாள்.

"உனக்கு எதுவுமே தெரியலையாம்மா? ஒண்ணுகூட?"

"ஒண்ணுகூட."

"எனக்கு எல்லாமே தெரியுது. பாதியை நீ எடுத்துக்கயேன்."

இரண்டு பேரும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கியபோது மகள் அழுதுகொண்டிருந்தாள். ஜில்லக்கா அவள் நெற்றியில் ஒட்டியிருந்த முடியை ஒதுக்கிவிட்டாள்.

"அங்க சொல்லிட்டேம்மா" என்றாள் மகள், சுவரைப் பார்த்தபடி. "எங்கம்மா பார்லதான் வேலை பார்த்தாங்க, எல்லாத்தையும் அவங்கதான் கலப்பாங்கன்னு."

"உங்க மாமியார் என்ன சொன்னாங்க?"

"'பாரா?'ன்னு ரெண்டு தடவை கேட்டாங்க. அப்புறம், இந்த வெயிலுக்கு அவங்களுக்கும் ஒண்ணு கலந்து தருவியான்னு கேக்கச் சொன்னாங்க."

ஜில்லக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டு கிளாஸைக் கழுவப் போனாள். குழாயைத் திறந்துவிட்டு வெகுநேரம் கழுவினாள்.

அந்த வெயில் முடிவதற்குள் ஓட்டலில் கவுண்டருக்குத் திரும்பக் கூப்பிட்டார்கள். நெட்டையர்தான் மேனேஜரிடம் விடாமல் நச்சரித்திருக்கிறார். "பாட்டிலைத் திறந்து மோந்து பார்க்க நான் இருக்கேன் சார். அவங்க கலக்கட்டும். இப்ப வர்ற கிளாஸ் ஜில்லுன்னே இல்ல, தொட்டா கையில ஈரம்கூட இல்ல." அப்படியே ஏற்பாடாகியது. ஒவ்வொரு பாட்டிலும் நெட்டையரின் மூக்கைத் தாண்டித்தான் அவள் கைக்கு வந்தது. அவள் இஞ்சியும் புதினாவும் போட்ட சாறுகளையும் கவுண்டரில் வைத்தாள். கேட்டு வாங்கிக் குடித்தவர்களும் இருந்தார்கள், முகம் சுளித்தவர்களும் இருந்தார்கள். "எனக்கு இவ்வளவுதான் தெரியும்" என்று வெளிப்படையாகவே சொல்லிவிடுவாள்.

மகளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. ஆஸ்பத்திரி அறையில் மாமியார் குழந்தையை வாங்கி உச்சந்தலையில் முகர்ந்து, "ஆகா" என்றார். மருமகன் முகர்ந்தான். ஜில்லக்காவின் கணவர், சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, யாரும் கவனிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டு தானும் முகர்ந்தார். பிறகு குழந்தை ஜில்லக்காவின் கைக்கு வந்தது. அவளும் குனிந்தாள். பழக்கம் விடவில்லை. ஒன்றும் வரவில்லை.

எல்லோருக்கும் ஒரே நேரத்தில் ஞாபகம் வந்துவிட்டது.

"எப்படி இருக்கு?" என்று கேட்டாள் அவள், கணவரிடம்.

அவர் திணறினார். "எப்படின்னா… சூடா… இல்ல, பால் மாதிரியும் இல்ல." மூக்கைத் தேய்த்துக்கொண்டார். "எனக்குச் சொல்லத் தெரியல."

"பரவாயில்ல" என்றாள்.

குழந்தையை நிமிர்த்தித் தோளில் சாய்த்துக்கொண்டாள். அதன் மூச்சு அவள் கழுத்தில் சின்னச் சின்னதாக, வெதுவெதுப்பாக வந்து பட்டது. யாரோ குழந்தையை வாங்கிக்கொள்ளக் கையை நீட்டினார்கள். அவள் கொஞ்சம் திரும்பி நின்றுகொண்டாள்.